பம்பர் அச்சு: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா, ஃபைபரா?

பழைய காருக்கு பம்பர் கிடைக்காமல் வீட்டிலேயே ஃபைபரில் (ரெசின் ஊறிய கண்ணாடியிழையில்) செய்ய நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அச்சை எதில் எடுப்பது என்பதுதான். ஒரே ஒரு பம்பர் போதுமென்றால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மலிவு, சீக்கிரம் இறுகிவிடும். ஆனால் இறுகுவது வேறு, காய்வது வேறு. உள்ளே ஈரம் இருந்தால், ஃபைபரைப் பிடித்து இறுக்கும் பிசினான பாலியெஸ்டர் ரெசின் பிசுபிசுவென்று நின்றுவிடும், அதனால் நாள்கணக்கில் வெயிலில் போட்டு, வார்னிஷ் அடித்துத் துளைகளை அடைத்து, அப்புறம்தான் மெழுகு தேய்க்க முடியும். பம்பர் நீளத்துக்குக் கனமும் அதிகம், எளிதில் விரிசல் விடும்.

ஃபைபர் அச்சுக்குச் செலவு கூடுதல், ஆனால் என் ஓட்டு அதற்குத்தான். அசல் பம்பர் மேல் நாலைந்து தடவை மெழுகு தேய்த்து மெருகேற்றி, பிவிஏ (ஒட்டாமல் கழல உதவும் திரவம்) பூசி, ஜெல்கோட் (வழவழப்பான மேற்பரப்பு தரும் கெட்டி ரெசின்) அடிக்க வேண்டும். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், விரலோடு வரக் கூடாது. அந்தப் பதத்தில் முதல் மேட்டை (கண்ணாடியிழை விரிப்பை) வைத்து ரோலரால் காற்றுக்குமிழை வெளியேற்றுங்கள். பம்பரைவிட அச்சு இரண்டு மடங்கு தடிமனாக இருக்கட்டும். கழற்றும் முன்பே பின்பக்கம் மரச்சட்டம் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் கோணிக்கொள்ளும். ஓரங்கள் உள்ளே மடிந்திருந்தால் அச்சை இரண்டு துண்டாக எடுத்து போல்ட் போட்டு இணைப்பதுதான் வழி. பிளாஸ்டரில் அந்த மடிப்பு உடையாமல் வருவது கஷ்டம்.

எந்த அச்சானாலும் சரி, ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரையும், அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடித்துவிடும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகு ஹார்டனரை ஊற்றுங்கள்.