சுவரில் பளிச்சென்று காட்டி, சாலையில் இருட்டில் விட்ட ஹெட்லைட் வேலை

எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்கள், இரவில் வெளிச்சம் போதவில்லை என்று கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். என் வண்டியில் இருந்தது லோ பீம் (தாழ்ந்து விழும் ஒளி), ஹை பீம் (தொலைவுக்குப் பாயும் ஒளி) இரண்டும் ஒரே பல்பில் வரும் எச்4 ஹாலஜன் வகை, அதாவது இழை சூடேறி ஒளிரும் பல்பு. வெளிச்சம் மங்கிக்கொண்டே வருவதன் காரணத்தைப் பார்த்துச் சொல்லும்படிதான் கேட்டேன். அந்தக் கடையிலோ எதையும் சோதிக்காமல், 20,000 லூமென் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) என்று அட்டையில் அச்சிட்ட எல்.இ.டி. பல்புகளைப் பொருத்தி, சில அடி தள்ளியிருந்த வெள்ளைச் சுவரில் ஒளியைப் பாய்ச்சிக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். எச்4 ஹாலஜனின் லோ பீம் இழை தருவதே ஏறத்தாழ 1,000 லூமென்தான். அதில் இருபது மடங்கு என்று எழுதி விற்பவரின் பேச்சை நம்பவே கூடாது.

சாலையில் வண்டிக்கு முன்னால் கொஞ்ச தூரம் தரை வெள்ளையாக மின்னியது. அதற்கு அப்பால் முன்பைவிட இருட்டு. அருகில் தரை மிகையாக ஒளிர்ந்தால், கண் அதற்கே பழகித் தொலைவிலுள்ள மங்கலான பொருளைப் பிடிக்கத் தவறும். நான் லோ பீமில் போனபோதே எதிரே வந்தவர்கள் கண் கூசி ஹை பீமை அடித்துக் காட்டினார்கள்.

திரும்பிப் போய்க் கேட்டபோது, "புது லைட்டுன்னா கொஞ்சம் கூசத்தான் சார் செய்யும்" என்று சொல்லிவிட்டு, விளக்கின் சாய்வை மாற்றும் திருகாணியைச் சுற்றி ஒளியை மொத்தமாகக் கீழே இறக்கிவிட்டார்கள். விளக்கு தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 1 சதவீதச் சரிவு, அதாவது 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம் இருந்தால், ஒளியின் மேல்விளிம்பு 90 மீட்டரில் தரையைத் தொடும். அவர்கள் வைத்ததோ 10 மீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம். 18 மீட்டரோடு வெளிச்சம் முடிந்துவிட்டது. 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும் என்பதை நினைத்துப் பார்த்தால், இது உயிரோடு விளையாடுகிற வேலை என்பது புரியும்.

பிறகு வேறொரு மெக்கானிக் விளக்கைக் கழற்றிக் காட்டியபோது எனக்கு நெஞ்சு பதறியது. பல்பை விளக்கில் அதன் இடத்தில் சரியாக நிறுத்தும், காது போன்ற மூன்று தகடுகளில் ஒன்று அரத்தால் ராவப்பட்டு, பல்பு சாய்வாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது. பின்பக்க ரப்பர் மூடியை எல்.இ.டி. பல்பின் விசிறிக்கு இடம் வேண்டும் என்று வெட்டியிருந்ததால், உள்ளே ஈரம் புகுந்து, ஒளியைத் திருப்பிச் சாலைக்கு அனுப்பும் ரிஃப்ளெக்டரில் திட்டுத் திட்டாகக் கறை படிந்திருந்தது. எச்4 பல்பில் லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் உண்டு. அதுதான் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் தடுத்து, எதிரே வருபவரின் கண்ணைக் காக்கிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டே அமைந்தது. ஒளி பிறக்கும் இடம் ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலும் எல்லாம் சிதறிவிடும்.

உண்மையான கோளாறு எளிமையானது: விளக்கின் மஞ்சள் பூத்த முன்மூடியும், மின்சாரம் வண்டியின் உடல் வழியே திரும்பிச் செல்லும் எர்த் இணைப்பில் பிடித்த துருவும். அந்தத் துருவால் ஹாலஜனுக்குப் போகும் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

பணத்தைத் திருப்பித் தரக் கடைக்காரர் மறுத்துவிட்டார். பழைய பல்புகளையும் தூக்கி எறிந்துவிட்டதாகச் சொன்னார். ரிஃப்ளெக்டர் கெட்டதால் இப்போது விளக்குக் கூட்டையே மாற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே வண்டியை ஒப்படைக்கும் முன், சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, லோ பீமின் மேல்விளிம்பு விழும் இடத்தைக் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். பின்னால் பாரம் வேண்டாம். வேலை முடிந்ததும் அதே இடத்தில் மீண்டும் நிறுத்திப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.