ஹீலியோஸ் 44-2: முன் கண்ணாடியைத் திருப்புறதா, ஓவல் மட்டை வைக்கிறதா?

ஹீலியோஸ் 44-2 எண்ட பழைய கமரா லென்ஸை வாங்கின ஆக்கள் கொஞ்ச நாளில கேக்கிறது ஒண்டுதான், இதை வீட்டிலயே கழட்டி என்ன செய்யலாம் எண்டு. முன் கண்ணாடியைத் திருப்பிப் போடுறது, ஓவல் துளை வெட்டின மட்டையை வைக்கிறது எண்ட ரெண்டு வழியையும் கொழும்பு வெள்ளவத்தையில என்ர மேசையில வச்சு செய்து பாத்தனான்.

இந்த லென்ஸை ஒண்டுமே செய்யாம விட்டாலும் படத்தின்ர பின்பக்கம் சுழலுற மாதிரி வரும், அதை முதல் பாருங்கோ. ஜெர்மனியின்ர கார்ல் சைஸ் (Zeiss) கம்பனி செய்த பழைய பயோட்டர் 58 மிமீ லென்ஸின்ர வடிவமைப்புத்தான் இது, சோவியத்தில செய்தது. விகாரமகாதேவி பூங்காவில ஆளை ஒண்டு, ஒண்டரை மீட்டரில நிப்பாட்டி, இலைகள் நல்லா தள்ளி இருக்கிற மாதிரி எஃப் 2-ல, அதாவது அப்பேச்சர் எண்ட உள் துவாரத்தை முழுசாத் திறந்து எடுங்கோ, இலைகளுக்கிடையில வாற வெளிச்சம் முகத்தைச் சுத்தி வளையுறது தெரியும். அது போதும் எண்டா லென்ஸைத் திறக்க வேண்டாம்.

போதாது எண்டா கண்ணாடியைத் திருப்பலாம். பேர் எழுதின முன் வளையத்தைக் கழட்டி, முதல் கண்ணாடியை எடுத்து, வளைவு உள்ளுக்குப் போற மாதிரி போட்டு மூடுறது, அவ்வளவுதான். நடுவில கொஞ்சம் தெளிவு மிஞ்சும், ஓரமெல்லாம் இழுபட்டுக் கரைஞ்சு போகும். முகத்தை நடுவில வச்சா அழகு, கொஞ்சம் பக்கத்துக்குப் போனாலும் கண் கரைஞ்சிடும், கல்யாண வீட்டில ரெண்டு பேரைச் சேத்து எடுக்கேலாது. வளையத்தைக் கழட்டேக்க கவனம், நான் கொம்பாஸ் நுனியால திருப்பப் போய் அது சறுக்கி கண்ணாடியில ஒரு கோடு விழுந்திட்டுது, அந்தக் கவலை இன்னும் இருக்கு. வளையத்தின்ர அளவுக்கு ஒரு ரப்பர் மூடியை அழுத்தித் திருப்புங்கோ, அது கீறாது.

ஓவல் மட்டை வேற கதை. சினிமாவில அனமோர்ஃபிக் லென்ஸால, அதாவது காட்சியைப் பக்கவாட்டில நெருக்கிப் பிடிக்கிற லென்ஸால எடுத்தா பின்னால இருக்கிற லைட்டுகள் நெட்டையா முட்டை வடிவத்தில நிக்குமே, அந்தத் தோற்றம் இதில வரும், முகத்தின்ர தெளிவு குறையாது. லென்ஸின்ர குவியத் தூரம் 58 மிமீ-ஐ எஃப் எண் 2-ஆல பிரிச்சா துவாரத்தின்ர விட்டம் 29 மிமீ, அதால லென்ஸுக்கு முன்னால வைக்கிற கறுப்பு பிரிஸ்டல் போர்டில உயரம் 29 மிமீ, அகலம் 14.5 மிமீ ஓவல் வெட்டினா சரி. துவாரத்தின்ர பரப்பு பாதியாகிறதால ஒரு ஸ்டொப், அதாவது பாதி வெளிச்சம் போயிடும், அப்பேச்சரையும் எஃப் 2-லயே விடோணும், எஃப் 4-க்கு மூடினா வட்டமும் 14.5 மிமீ-க்கு வந்திடும், பிறகு ஓவல் எங்க? மட்டையை முன்னால வச்சா ஃபுல் ஃபிரேம் கமராவில (35 மிமீ ஃபில்ம் அளவு சென்சர் உள்ளது) மூலை இருளும், லைட்டுகளும் மூலையில அரைகுறையா வெட்டுப்படும். உள்ளுக்கு, அப்பேச்சர் இதழுக்குப் பக்கத்தில வச்சா படம் முழுக்க ஒரே மாதிரி வரும், ஆனா உள்ள துவாரம் 29-ஐ விடச் சின்னன், அளந்து வெட்டுங்கோ, மட்டையின்ர தூசு பறக்காம ஓரத்தைத் துடையுங்கோ.

என்ர முடிவு இதுதான்: ஒரே ஒரு ஹீலியோஸ் வச்சிருக்கிற ஆள் மட்டையை முன்னால வச்சுத் தொடங்கட்டும், காசும் இல்லை, கையாலயே சுத்தி நேராக்கலாம். கண்ணாடி திருப்புறதை ரெண்டாவது லென்ஸில, ஏற்கனவே கீறல் உள்ளதா பாத்து வாங்கிச் செய்யட்டும். கொழும்புக் காத்தில ஈரம் கூட, மழை நாளில திறந்து வச்ச என்ர ஒரு லென்ஸுக்குள்ள ரெண்டு மாசத்தில சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம் பிடிச்சிட்டுது. அதால வெயில் நாளில திறந்து, கெதியா மூடி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில வையுங்கோ.

சோனி கமராவில அடாப்டர் (லென்ஸைப் பொருத்துற இடை வளையம்) போட்டு எடுக்கிற ஆக்கள் மெனுவில லென்ஸ் இல்லாம ஷட்டர் அடிக்கிற செட்டிங்கை ஓன் பண்ணோணும், இல்லாட்டி படம் எடுபடாது.

போன தீபாவளிக்கு முதல் நாள் இரவு செட்டியார் தெருவில மட்டை போட்டுத்தான் எடுத்தனான், நகைக்கடை லைட்டெல்லாம் அம்மான்ர தோளுக்குப் பின்னால நெட்டை நெட்டையா தொங்கிச்சு, அம்மான்ர மூக்குத்திக் கல்லு மட்டும் ஊசி மாதிரி கூரா இருந்திச்சு.