போலிஷ் தெரிந்தவர்கள் ஸ்லோவாக் படிக்க ஒரு நல்ல தளம்

மொழி கற்றுத்தரும் செயலியான டுவோலிங்கோவில் போலிஷ் இருக்கிறது, ஸ்லோவாக் இல்லை. அதனால் ஸ்லோவாக் வேண்டுமென்றால் நேராக ஸ்லோவேக்.ஈயூ (slovake.eu) தளத்துக்குப் போய்விடுங்கள், இலவசம்தான், அதிலும் போலிஷ் வழியாகவே பாடங்களைப் படிக்க முடிவது எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டும் மேற்கு ஸ்லாவிய மொழிகள், இலக்கணம் பெரிதும் ஒத்துப்போகும், போலிஷில் 7 வேற்றுமை என்றால் ஸ்லோவாக்கில் 6, அவ்வளவுதான். காதுதான் பழக வேண்டும். போலிஷில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும், ஸ்லோவாக்கில் முதல் அசையில். அப்புறம் நம் குறில் நெடில் மாதிரி ஸ்லோவாக்கிலும் உண்டு, போலிஷில் கிடையாது. இந்த இடத்தில் தமிழருக்கு வேலை சுலபம். பாடங்களிலுள்ள ஒலிப்பதிவுகளை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.