பெரிய படங்களில் குறிப்பு எழுத: மிராடோரா, அன்னோடோரியஸா, யுனிவர்சல் வியூவரா?

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2022 ஜனவரியில் ரெம்ப்ராண்டின் ‘நைட் வாட்ச்’ ஓவியத்தை 925,000 × 775,000 பிக்சல் அளவில் இணையத்தில் வைத்தது. 256 பிக்சல் சதுரங்களாக வெட்டினால், மிக நுணுக்கமான அடுக்கில் மட்டும் சுமார் 1 கோடியே 9 லட்சம் துண்டுகள் வரும். நாம் பார்க்கும் இடத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவந்து காட்டுவதுதான் வியூவரின் வேலை.

இந்த வேலையை வைத்து, தலைப்பில் சொன்ன மூன்று வியூவர் நிரல்களையும் தரம் பிரிக்க முடியாது. மிராடோர், யுனிவர்சல் வியூவர் இரண்டுக்குள்ளும் படத்தை ஜூம் செய்வது ஓப்பன்சீட்ராகன் என்ற, பிற நிரல்களுக்குள் பொருத்திக்கொள்ளும் நிரல்தான். அன்னோடோரியஸையும் அதன்மேல் பொருத்தலாம். எனவே நான் பார்ப்பது வேறு: படத்தின் ஓரிடத்தில் கட்டம் போட்டு எழுதிய குறிப்பு எங்கே போகிறது, எதோடு ஒட்டிக்கொள்கிறது?

யுனிவர்சல் வியூவர் லண்டன் வெல்கம் நூலகத்துக்காகத் தொடங்கப்பட்டது. படம், ஒலி, வீடியோ, பிடிஎஃப், முப்பரிமாணம் எல்லாவற்றையும் காட்டும். வாசகருக்கு அருமையானது. குறிப்பு எழுத உருவானதல்ல, அதனால் இங்கேயே விட்டுவிடுகிறேன்.

அன்னோடோரியஸ் எளிமையானது. சொந்தத் தளத்தில் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் சேர்த்தால் போதும், செவ்வகமோ பல்கோணமோ வரையலாம். ஆனால் சேமிக்கும் பொறுப்பு முழுக்க நம்முடையது. அது தரும் தரவை வாங்கி வைக்க ஒரு சர்வர் வேண்டும்.

மிராடோரை நிறுவுவதுதான் சிரமம். நூலகங்கள் தங்கள் படங்களை இணையத்தில் பகிரப் பயன்படுத்தும் பொது முறையான ஐ.ஐ.ஐ.எஃப்-இல் பக்கங்களின் பட்டியல் கோப்பு தயாராக இருக்க வேண்டும். பலன் பெரியது: வெவ்வேறு நூலகங்களின் பக்கங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பிரான்சின் ஷாத்தோரூ நகரக் கையெழுத்துச் சுவடி ஒன்றிலிருந்து யாரோ வெட்டியெடுத்த சிற்றோவியங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பக்கத்தையும் வெட்டுத்துண்டையும் திரையில் மறுபடி பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது இந்த முறைமேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. ஒரு எச்சரிக்கை: 2020-இல் வந்த மிராடோர் 3-இல் குறிப்பெழுதும் வசதி தனிச் செருகுநிரலாகிவிட்டது. அதோடு வரும் மாதிரி அமைப்பு பிரவுசருக்குள்ளேயே சேமிக்கிறது. பிரவுசர் தரவை அழித்தால் குறிப்பும் போச்சு.

சரி, எதோடு ஒட்டிக்கொள்கிறது? அன்னோடோரியஸ் படத்தின் பிக்சலை எண்ணுகிறது. 4,000 பிக்சல் அகலப் படத்தில் இடமிருந்து 1,200-இல் வரைந்த கட்டம், நாளைக்கு அதே பக்கத்தை 8,000 பிக்சலில் மறுபடி ஸ்கேன் செய்து மாற்றினால் வேறு எழுத்தின்மேல் போய் உட்காரும். மிராடோரில் குறிப்பு, படத்துக்கு அடியிலுள்ள கேன்வாஸோடு, அதாவது பட்டியல் கோப்பு ஒவ்வொரு பக்கத்துக்கும் வகுக்கும் வெற்றுச் சட்டத்தோடு, ஒட்டுகிறது. கேன்வாஸின் அளவையும் பக்கத்தின் ஓரங்களையும் மாற்றாதவரை, மேலுள்ள படம் மாறினாலும் கட்டம் நகராது. பல ஆண்டு நடக்கும் சுவடி வேலைக்கு மிராடோர்தான் என்று சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஒற்றை வரைபடமோ ஓவியமோ என்றால் அன்னோடோரியஸில் தொடங்கலாம். குறிப்புகளை இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2017-இல் வகுத்த வடிவில் சேமியுங்கள், கூடவே படத்தின் அகலத்தையும் உயரத்தையும் எழுதி வையுங்கள். அப்புறம் மிராடோருக்கு மாற நினைத்தால், உரையைத் தொடாமல் ஆய எண்களை மட்டும் கேன்வாஸ் அளவுக்குக் கணக்கிட்டு, குறிப்பு சுட்டும் இலக்கு முகவரியைப் படத்திலிருந்து கேன்வாஸுக்கு மாற்றினால் வேலை முடியும்.