சுவிஸ் எலும்புக்கத்தியும் நம்மூர் வெட்டுக்கத்தியும்: இறைச்சிக்கடையில் வேலை பழகுபவர் எதை வாங்குவது?

சுவிசில் இருந்து வரும் பொதியில் சொக்லேட்டோடு ஒரு கத்தியும் இருப்பது யாழ்ப்பாணத்தில் புதினமில்லை. விக்டோரினொக்ஸ் கம்பனியின் ஃபைப்ரொக்ஸ் வரிசையில் வரும் 15 சென்ரிமீற்றர் எலும்பு கழற்றும் கத்தி நல்ல சாமான். இறைச்சிக்கடையில் தொழில் பழக வெளிக்கிடும் பெடியனுக்கு முதல் கத்தியாக இதையே சொல்லலாம். ஆனால் எலும்பு கொத்தும் மரக்குற்றிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் ஒரு கிழமையில் அலகு அரிவாள் பல்லு மாதிரி ஆகிவிடும்.

இதன் வேலை கொளுக்கியில் தொங்கும் கிடாயில்தான் தெரியும். முன்னங்காலுக்கும் உடம்புக்கும் நடுவில் எலும்பு மூட்டே கிடையாது, தோள்பட்டை எலும்பு தசையில்தான் ஒட்டியிருக்கிறது. காலை வெளியே இழுத்துப் பிடித்து, அக்குள் மடிப்பில் நுனியை விட்டு, விலாவோடு சேர்த்து வழித்தால் கால் தன்பாட்டில் கழன்று வரும். வளைந்த அலகு விலாவின் வளைவோடு போகும். பின்தொடையில் இருப்பது பந்தும் கிண்ணமுமான மூட்டு. சுற்றி வெட்டி மூட்டைத் திறந்து, பந்தைப் பிடித்திருக்கும் உள்நாரை நுனியால் அறுக்க வேண்டும். பழகாத கை அதை அறுக்காமல் அலகைக் கொடுத்து நெம்பும். முறியும் நுனிகளில் பாதி அங்கேதான் முறிகிறது. அதற்குக் கத்தியைக் குறை சொல்லிப் பயனில்லை.

அலகு நெகிழ்ந்து கொடுப்பதாகவும் விறைப்பாகவும் வருகிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் விறைத்ததை எடுங்கள். நெகிழ்வது கோழிக்கும் மீனுக்கும். கைப்பிடி சொரசொரப்பானது, கொழுப்புப் பிடித்த கையிலும் அவ்வளவாக வழுக்காது. இருந்தாலும் எலும்பு கழற்றும்போது அலகு பெரும்பாலும் வெட்டுபவரின் பக்கமே வருவதால், கத்தி பிடிக்காத கைக்குக் கம்பிவலைக் கையுறை வேண்டும். கத்திக்குக் காசு கொடுத்துவிட்டு இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

உருக்கின் கடினம் ரொக்வெல் அளவில் 56 சுமார். மிகக் கடினமில்லை, அதனால் கூர் கெதியாக மடியும், கெதியாக நிமிரவும் செய்யும். ஒவ்வொரு ஆட்டுக்கும் முன் உருக்குக் கோலில் பக்கத்துக்கு நாலைந்து தரம், 15 முதல் 20 பாகைச் சரிவில், மெதுவாக இழுத்தால் போதும். கோல் தீட்டுவதில்லை, மடிந்த விளிம்பை நிமிர்த்துகிறது. நிமிர்த்திய பிறகும் கொழுப்பில் வழுக்கினால்தான் 1000 இலக்கத் தீட்டுக்கல். மின் சாணைச் சக்கரத்தில் கொடுத்து விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பிறகு கூர் நிற்காது. கழுவும்போது முதலில் பச்சைத்தண்ணீர். எடுத்தவுடனே சுடுதண்ணீர் ஊற்றினால் இரத்தம் உறைந்து அலகில் பிடித்துக்கொள்ளும். சவர்க்காரம் போட்டுக் கழுவியபின் 82 பாகை செல்சியஸ் சுடுதண்ணீரில் அமிழ்த்தலாம்.

குற்றி வேலைக்குக் கொல்லர் பட்டறைக் கத்திதான். லொறி வில்லுத்தகட்டில் அடித்தது, முதுகு தடித்தது, பாரமானது. நம்மூர்க் கறிக்கு எலும்போடு சின்னத் துண்டு வேண்டும். பாரமான கத்தி ஒரே போட்டில் எலும்பைத் துண்டிக்கும், இலேசான கத்தி மூன்று தரம் கொத்தி எலும்புச் சிராயைக் கறிக்குள் சேர்க்கும். பட்டறைக் கத்தியின் குறை துரு. உவர்த்தண்ணீர்க் கிணற்றுப் பக்கம் என்றால் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசாமல் வைக்க முடியாது. குற்றி புளியமரமாக இருக்கட்டும். பின்னேரம் சுரண்டி உப்புப் போட்டு வையுங்கள்.

தீபாவளிக்கு ஒரு கிடாயைப் பலர் சேர்ந்து பங்கு போடும் இடத்தில் இரண்டு கத்தியும் வேண்டும். உயிரோடு 20 கிலோ நிற்கும் கிடாய் தலை, தோல், குடல் போக 9 கிலோ அளவில் வரும். பத்துப் பங்கிலும் எலும்பும் கொழுப்பும் ஈரலும் சமமாக விழ வேண்டுமென்றால், முதலில் மூட்டு மூட்டாகக் கழற்றி, பிறகு குற்றியில் வெட்ட வேண்டும். முழு ஆட்டையும் எடுத்தவுடன் கொத்தினால் ஒருவருக்கு நெஞ்செலும்பு மட்டும் போகும், சண்டையும் வரும். ரோல்ஸ், மிதிவெடி போன்ற சிற்றுண்டிக்கு எலும்பில்லா இறைச்சி கேட்கும் சாப்பாட்டுக் கடைக்காரருக்கோ சுவிஸ் கத்தி ஒன்றே போதும்.

தோல் உரிக்க சுவிஸ் கத்தி அவ்வளவு தோதில்லை. கூர்நுனி தோலில் ஓட்டை போடும். தொடக்கக் கீறலுக்கு மட்டும் பாவித்து, மிச்சத்தைக் கைமுட்டியால் தள்ளி உரியுங்கள். குடல் கழுவுதல், உரித்தல், மூட்டுக் கழற்றல், கடைசியில் குற்றி என்பதே பழகும் ஒழுங்கு.

கத்தி கிடைத்தவுடன் கடை போட முடியாது. இலங்கையில் இறைச்சித் தொழிலுக்கு 1893ஆம் ஆண்டு இறைச்சிக்கடைக்காரர் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும், மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ விசாரிக்கலாம். அதுவரை அனுமதி உள்ள கடையில் கையாளாக நில்லுங்கள். பௌர்ணமிப் போயாவுக்குக் கடை பூட்டு. தீட்டுக்கல்லை எடுக்க அதுதான் நாள்.