பள்ளியா, பல்லியா? தேடல் சொற்களை வகைபிரிக்கும் முறைகளோடு ஏழு ஆண்டுகள்

செய்திகளும் பலதுறைக் கட்டுரைகளும் வெளியாகும் ஒரு தமிழ் இணையதளத்தின் தேடல் பெட்டியை 2018 முதல் பார்த்துக்கொள்கிறேன். வாசகர் தட்டும் இரண்டு மூன்று சொற்களை வைத்து அவர் தேடுவது கல்வியா, உடல்நலமா, ஜோதிடமா, சமையலா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவுசெய்து, உரிய பக்கங்களை முன்னால் நிறுத்த வேண்டும். இதற்கு நான் கையாண்ட முறைகள் எல்லாவற்றோடும் நெடுநாள் புழங்கிவிட்டேன். முதல் வாரத்தில் தெரியாத குணங்கள் இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தன.

தொடங்கியது சொற்பட்டியலில். ‘ராசி’ வந்தால் ஜோதிடம், ‘குழம்பு’ வந்தால் சமையல். விலையில்லாதது, வேகமானது, ஏன் அப்படி முடிவெடுத்தது என்று உடனே காட்டக்கூடியது. ஆனால் தமிழில் உருபு ஏறியதும் பட்டியல் கைவிட்டுவிடும். ‘பள்ளி’ பட்டியலில் இருக்கும், ‘பள்ளிக்கூடத்துக்கு’ இருக்காது. இதைவிடப் பெரிய சிக்கல், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவது. பி, ஏ, எல், எல், ஐ என்று ஒருவர் தட்டினால் அது பள்ளியாகவும் இருக்கலாம், பல்லியாகவும் இருக்கலாம். பின்னால் ‘திறப்பு’ வந்தால் பள்ளி, ‘பலன்’ வந்தால் பல்லி. தனியாக வந்தால் தமிழ் படித்த மனிதருக்கே விளங்காது. ஜூன் தொடக்கத்தில் அதைத் தட்டுபவர் பெரும்பாலும் பள்ளியைத்தான் நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும், பட்டியலுக்குத் தெரியாது.

அடுத்து ஃபாஸ்ட்டெக்ஸ்ட். வகை குறித்த உதாரணங்களைப் பார்த்து உரைகளை வகைபிரிக்கக் கற்கும், ஃபேஸ்புக் ஆய்வுக்கூடம் 2016இல் வெளியிட்ட இந்தக் கருவி சாதாரண சர்வரிலேயே சில நிமிடங்களில் பயிற்சியை முடித்துவிடுகிறது. சொல்லைச் சிறு எழுத்துத் துண்டுகளாக வெட்டிப் பார்க்கும் திறன் இருப்பதால் உருபுச் சிக்கலுக்கு இதுவே மருந்து என்று நம்பினேன். பல மாதங்கள் பலன் தெரியவில்லை. காரணம் எளிது: வகைபிரிப்புப் பயிற்சியில் அந்தத் துண்டாக்கும் வசதி இயல்பாகவே அணைந்திருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். இயக்கிய பிறகு ‘பள்ளிகளில்’, ‘பள்ளிக்கு’ எல்லாம் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தன. தமிழில் பயன்படுத்தப்போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கணினிக்குப் ‘பள்ளி’ மூன்று எழுத்து அல்ல, ஐந்து குறியீடுகள். புள்ளியும் இகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘கொரோனா’வில் வரும் ‘கொ’வை ஒரே துணைக்குறியோடும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கருவிக்கு இரண்டு வேறு சொற்கள். இப்படி இரண்டு விதமாக எழுதியவற்றை ஒரே வடிவமாக்கும் யூனிகோடு சீராக்கத்தை முதல் படியாக வைக்காமல் எந்த முறையையும் குறைசொல்லாதீர்கள்.

இந்தக் கருவிமேல் எனக்கு இருந்த நம்பிக்கையை அசைத்தது ஒரே ஒரு தேடல். ‘அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது’ என்று யாரோ தட்டியிருந்தார். அரசியல் என்று வகைபிரித்து, அரசியல் செய்திகளை வரிசையாகக் கொடுத்திருந்தது. நான் பயிற்சிக்குக் கொடுத்தவை பழைய செய்தித் தலைப்புகள். அம்மா உணவகம், அம்மா குடிநீர், அம்மா மருந்தகம் என்று படித்து வளர்ந்த கருவிக்கு அம்மா என்றால் கட்சிதான். அந்தப் பதிவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல் தேடலில் வரும் தவறும் இந்தத் தவறும் ஒரே மதிப்பெண் இழப்பாகக் கணக்கில் ஏறுகின்றன என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றே பழைய சொற்பட்டியலைத் தூசிதட்டி எடுத்து, மூச்சு, நெஞ்சுவலி, மயக்கம், விஷம் போன்ற சொற்கள் வந்தால் வேறெதையும் கேட்காமல் உடல்நலம் என்று போகும்படி முன்வரிசையில் வைத்தேன். இன்றுவரை அதை எடுக்கவில்லை.

ஏராளமான உரைகளைப் படித்து மொழியைக் கற்ற கூகுளின் ‘முரில்’ என்ற மொழி மாதிரிக்கு மாறியது 2021இல். பதினாறு இந்திய மொழிகளோடு ஆங்கிலமும் கற்றது. ஆங்கில எழுத்தில் எழுதிய இந்திய மொழிகளையும் பயிற்சியிலேயே பார்த்திருக்கிறது. ‘பல்லி பலன்’ எந்த எழுத்தில் வந்தாலும் ஒரே இடத்துக்குப் போகத் தொடங்கியது இதன் பிறகுதான். மற்றபடி எங்கள் சர்வருக்கு இது பெருஞ்சுமை. இரவில் அன்றைய தேடல்களை மொத்தமாகக் கொடுத்து விடைகளைச் சேமித்துவைத்துக்கொள்கிறோம். புதிதாக வரும் தேடலுக்கு அது உதவாது.

புதிதுக்குக் கைகொடுத்தது மிகப் பழைய யோசனை. 2005இல் கேடிடி கோப்பை என்ற தரவு ஆய்வுப் போட்டியில் எட்டு லட்சம் தேடல்களை 67 வகைகளில் பிரிக்கச் சொன்னார்கள். வகை குறித்துக் கொடுத்த மாதிரித் தேடல்கள் வெறும் 111. வென்ற ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணி, தேடல் சொற்களைத் தேடுபொறியிடம் கொடுத்து, வந்த பக்கங்களைக் கொண்டு வகையைக் கணித்தது. இரண்டு சொல்லில் இல்லாத பொருள், அந்தச் சொற்கள் கொண்டுவரும் பக்கங்களில் இருக்கிறது. நானும் எங்கள் சேமிப்பில் முதலில் வரும் பத்துக் கட்டுரைகள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்று பார்க்கவைத்தேன். வாசகர்கள் எதைச் சொடுக்குகிறார்கள் என்பதையும் அதோடு சேர்த்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தப் பெயரை எங்கள் எந்த மாதிரியும் கண்டதில்லை. முரில் தடுமாறியது. சொடுக்குகள் அன்று பகலிலேயே வானிலை என்று சொல்லிவிட்டன. மகளிர் உரிமைத் தொகை அறிமுகமானபோது ‘உரிமை’யைப் பார்த்துச் சட்டப் பிரிவுக்கு அனுப்பிய தவறும் இப்படித்தான் தானாகத் திருந்தியது.

சொடுக்குப் பதிவை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆறரை லட்சம் பயனர்களின் தேடல்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. சொற்களை மட்டும் வைத்தே ஒரு பெண்மணியைச் செய்தியாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். எந்தச் சொல்லுக்கு எந்தப் பகுதி எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்ற கூட்டுத்தொகை போதும். யார் தேடினார் என்பது வகைபிரிப்புக்குத் தேவையே இல்லை.

இப்போது வரிசை இது: உடல்நலச் சொற்பட்டியல், சேமித்துவைத்த முரில் விடை, சேமிப்புக் கட்டுரைகளும் சொடுக்குகளும், கடைசியாக ஃபாஸ்ட்டெக்ஸ்ட். எதுவும் உறுதியாகச் சொல்லாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று ஒரு வகை. முன்பு அந்த வகையே எங்களிடம் இல்லை. எதையாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்று கருவியைக் கட்டாயப்படுத்தியிருந்தோம். இப்போது திங்கட்கிழமை காலையில் அந்தக் குவியலைத் தேநீரோடு உட்கார்ந்து நானே படிக்கிறேன். ஆங்கில எழுத்தில் தனியாக வந்த ‘பல்லி’யும் ‘பள்ளி’யும் அதில்தான் கிடக்கின்றன. அவற்றுக்கு இரண்டு பகுதிகளையும் அருகருகே காட்டுகிறோம். வாசகர் தமக்கு வேண்டியதைத் தொட்டுக்கொள்கிறார்.