ஏற்பியை அணைக்கும் நொதிகள்: எது எந்த வேலைக்குக் கெட்டி?

சென்னையில் உயிர்வேதியியல் படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இன்சுலின் வேலை செய்யும் விதத்தை மளமளவென்று சொல்லிவிடும். இன்சுலின் வந்து, செல்லின் மேற்பரப்பில் செய்தியை வாங்கும் புரதமான ஏற்பியில் உட்காரும், ஏற்பி தன் உடம்பிலேயே பாஸ்பேட்டை ஒட்டிக்கொள்ளும், செய்தி உள்ளே போகும், குளுக்கோஸைக் கடத்தும் புரதங்கள் செல்லின் மேற்பரப்புக்கு வரும். சரி, சாப்பிட்ட சோறு செரித்த பிறகு அந்த ஏற்பியை நிறுத்துவது யார்? இங்கே பல பாடப்புத்தகங்களே அரைப் பக்கத்தோடு முடித்துக்கொள்கின்றன. மருந்துக் கம்பெனிகள் பல வருடங்கள் மல்லுக்கட்டியது அந்த அரைப் பக்கத்தோடுதான்.

பாலூட்டிகளின் செல்களில் ஏற்பியை அடக்கி வைக்கும் நொதிகள் ஏராளம். அவற்றில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பாஸ்பேட்டைப் பிடுங்கும் பிடிபி-1பி, ஏற்பியை அழிவுக்கு அனுப்பும் சிபிஎல், பாஸ்பேட்டை ஒட்டியே வாயை அடைக்கும் ஜிஆர்கே, ஹார்மோன் ஏற்பியை எட்டுவதற்கு முன்பே அதை நறுக்கிவிடும் டிபிபி-4. எவ்வளவு சீக்கிரம் அணைக்கிறது, அணைத்ததைத் திரும்ப இயக்க முடியுமா, மருந்துக்குப் பிடிபடுமா என்ற மூன்றையும் வைத்துப் பார்க்கிறேன். இதில் கடைசிக் கேள்விக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன். நம் ஊர் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்குச் சொன்னது. அவ்வளவு பேர் மாத்திரைக்குக் காத்திருக்கும்போது, நொதி அழகாக இருந்தால் மட்டும் போதாது.

பிடிபி-1பி: காகிதத்தில் முதலிடம்

1988-இல் நிக்கோலஸ் டாங்க்ஸ், எட்மண்ட் ஃபிஷர் குழு மனித நஞ்சுக்கொடியிலிருந்து இந்த நொதியைப் பிரித்தெடுத்தது. டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிய பாஸ்பேட்டை எடுக்கும் நொதிகளில் முதலில் சுத்தமாகக் கைக்குக் கிடைத்தது இதுதான். ஃபிஷர் அதற்கு முன்பே எட்வின் கிரெப்ஸுடன் சேர்ந்து, பாஸ்பேட்டை ஒட்டுவதும் எடுப்பதும் புரதங்களை ஆளும் முறை என்று காட்டியிருந்தார். அதற்காக இருவருக்கும் 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்சுலின் ஏற்பி இயங்கும்போது அதன் உள்பகுதியில் மூன்று டைரோசின்களில் பாஸ்பேட் ஏறும். அவற்றிலிருந்து பிடிபி-1பி பாஸ்பேட்டைப் பிடுங்கிவிட்டால் ஏற்பி ஓய்ந்துவிடும். ஏற்பிக்குச் சேதம் எதுவும் இல்லை. அடுத்த வேளை இன்சுலின் வந்ததும் அதே ஏற்பி மறுபடி வேலை செய்யும். வேகம், மறுபயன்பாடு என்ற இரண்டிலும் நல்ல மதிப்பெண்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. பிடிபி-1பி-யின் வேலை முழுவதும் அதன் மையத்திலுள்ள சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமிலத்தை நம்பியிருக்கிறது. இன்சுலின் செல்லைத் தொட்டதும் உள்ளே கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. அது அந்தச் சிஸ்டீனை ஆக்சிஜனேற்றம் செய்து நொதியைச் சிறிது நேரம் முடக்கிவிடுகிறது. அதாவது இன்சுலின் தன் வேலையைத் தொடங்கும்போதே, தன்னை அணைக்க வருபவனின் கையையும் கட்டிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் கட்டு அவிழும், சமிக்ஞையும் அடங்கும்.

1999-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இந்த நொதிக்கான மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். எலிகள் ஆரோக்கியமாகவே இருந்தன. இன்சுலினுக்கு நன்றாக ஒத்துழைத்தன. கொழுப்புத் தீனி போட்டாலும் மற்ற எலிகள் அளவுக்குப் பெருக்கவில்லை. நீரிழிவு, உடல்பருமன் இரண்டுக்கும் ஒரே இலக்கு! மருந்து ஆராய்ச்சியாளர்கள் இதை விட்டுவிடுவார்களா?

அப்புறம்தான் சிக்கல். இந்த நொதியின் பிடிக்கும் குழி பாஸ்பேட்டுக்காகவே செய்யப்பட்டது. அதில் இறுக்கமாக உட்காரும் மூலக்கூறுகளுக்கு எதிர்மின்னூட்டம் அதிகம். அப்படிப்பட்டவை செல்லின் கொழுப்புச் சவ்வைத் தாண்டாது, மாத்திரையாகக் கொடுத்தாலும் குடலிலிருந்து சரியாக உறிஞ்சப்படாது. நொதியோ செல்லுக்குள் எண்டோபிளாச வலைப்பின்னலில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். டிசி-பிடிபி என்று இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. குழி ஏறக்குறைய அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் அந்த மரபணு இல்லாமல் பிறந்த எலிகள் சில வாரங்களில் செத்துப்போகின்றன. ஒன்றைத் தடுக்கப் போய் இன்னொன்றையும் தடுத்தால் என்ன ஆகும் என்ற பயம் கடைசிவரை விடவில்லை. எர்டிப்ரோடாஃபிப் என்ற மருந்து மனிதர்களிடம் இரண்டாம் கட்டச் சோதனைவரை வந்து நின்றுபோனது. சுறா வகை ஒன்றிலிருந்து கிடைத்த ட்ரோடஸ்குமின், குழியைத் தொடாமல் வேறு இடத்தில் ஒட்டி நொதியை அடக்குகிறது. யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான், ஆனால் அதுவும் மருந்துக்கடைக்கு வந்து சேரவில்லை.

இதே உடன்பிறப்புச் சிக்கலைப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு நொதிகளும் நோய் எதிர்ப்பு செல்களுக்கும் பிரேக் போடுகின்றன. இரண்டையும் வேண்டுமென்றே ஒன்றாகத் தடுத்தால் டி செல்கள் கட்டியை இன்னும் மூர்க்கமாகத் தாக்கும் என்று 2023-இல் எலிகளில் காட்டினார்கள். அந்த மருந்து மனிதர்களிடமும் தொடக்கச் சோதனைக்குப் போயிருக்கிறது.

பிடிபி-1பி போலப் பாஸ்பேட்டை எடுக்கும் நொதிகளுக்குப் பாஸ்படேஸ் என்று பெயர். பாஸ்படேஸ் என்றாலே அணைக்கும் நொதி என்று மாணவர்கள் மனப்பாடம் செய்துவைத்திருப்பார்கள். அது பாதி உண்மைதான். டி செல்லில் சிடி45 என்ற பாஸ்படேஸ், எல்சிகே என்ற நொதியை அடக்கிவைத்திருக்கும் பாஸ்பேட்டை எடுத்து அதை உசுப்பிவிடுகிறது. எஸ்எச்பி2 என்ற இன்னொரு பாஸ்படேஸும் வளர்ச்சிச் சமிக்ஞையைக் கூட்டத்தான் செய்கிறது. பாஸ்பேட் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் நொதிக்கு நல்லவன் கெட்டவன் பட்டம் கொடுத்துவிடக் கூடாது.

சிபிஎல்: அணைப்பதில்லை, அப்புறப்படுத்துகிறது

பிடிபி-1பி-க்கு நேர் போட்டி இதுதான், இருவரும் கைவைப்பது ஒரே குடும்பத்து ஏற்பிகளில். பாஸ்படேஸ் மின்விசிறியின் ஸ்விட்சை அணைக்கிறது என்றால், சிபிஎல் விசிறியையே கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிடுகிறது.

இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியைப் பாருங்கள். அது இயங்கியதும் அதன் 1045-ஆவது இடத்திலுள்ள டைரோசினில் பாஸ்பேட் ஏறும். அங்கே சிபிஎல் வந்து ஒட்டும். 76 அமினோ அமிலங்கள் கொண்ட யூபிக்விட்டின் என்ற சின்னப் புரதத்தை ஏற்பியின் மேல் ஒட்டவைக்கும். அந்தச் சீட்டு ஒட்டப்பட்ட ஏற்பியைச் செல் உள்ளே இழுத்து, லைசோசோம் என்ற சிதைக்கும் பைக்கு அனுப்பிச் சிதைத்துவிடும். ஏற்பியை இயக்கிய அதே பாஸ்பேட் வேலைதான் அதன் முடிவுக்கும் நாள் குறிக்கிறது.

இது பாஸ்படேஸைவிட மெதுவான வழி. சிதைந்த ஏற்பிக்குப் பதில் புதிதாக ஒன்று செய்துதான் ஆக வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். ஆனால் நிரந்தரம் என்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. அதனால் செல் கைக்கு வந்தபடி இதைப் பயன்படுத்துவதில்லை. இஜிஎஃப் குறைவாக இருந்தால் உள்ளே போன ஏற்பிகளில் பெரும்பாலானவை மேலே திரும்பி வந்துவிடுகின்றன. வெள்ளமாக வந்தால்தான் சீட்டு ஒட்டும் வேலை மும்முரமாகிறது. ஒட்டிய சீட்டைக் கிழித்து ஏற்பியைக் காப்பாற்றும் யுஎஸ்பி8 போன்ற நொதிகளும் உண்டு. பிட்யூட்டரி சுரப்பியில் யுஎஸ்பி8 மரபணு கெட்டு அளவுக்கு மீறி வேலை செய்தால், உடலில் கார்டிசால் ஹார்மோன் மிகுந்துபோகும் குஷிங் நோய் வரலாம் என்று 2015-இல் தெரியவந்தது.

சிபிஎல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நுரையீரல் புற்றுநோயே சாட்சி. மெட் என்ற ஏற்பியில் சிபிஎல் ஒட்ட வேண்டிய துண்டு, மரபணுவில் எக்ஸான் 14 என்ற பகுதியில் எழுதப்பட்டிருக்கிறது. சில கட்டிகளில் அந்தப் பகுதி விடுபட்டுப்போகிறது. ஏற்பி நன்றாக இருக்கும், அதை அப்புறப்படுத்த மட்டும் ஆள் வர முடியாது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் கேப்மாடினிப், டெபோடினிப் மருந்துகள் சிபிஎல்-ஐச் சரிசெய்வதில்லை, மெட்-இன் கைனேஸ் வேலையை, அதாவது பாஸ்பேட்டை ஒட்டும் வேலையை, தடுக்கின்றன. சிபிஎல்-இன் வேலையை மருந்தால் திரும்பக் கொண்டுவருவதைவிட அது சுலபம்.

ஜிஆர்கே: வேகத்தில் இதுதான் ராஜா

இதுவரை பாஸ்பேட் ஏறினால் ஏற்பி இயங்கும் என்று பார்த்தோம். அட்ரினலின், ஒளி, வாசனை போன்றவற்றை உணரும் ஜி-புரத ஏற்பிகளிடம் வந்தால் கதை மாறுகிறது. அங்கே ஜிஆர்கே என்ற கைனேஸ் பாஸ்பேட்டை ஒட்டித்தான் ஏற்பியை அடக்குகிறது. சும்மா இருக்கும் ஏற்பியை அது பெரும்பாலும் சீண்டாது, இயங்கிக்கொண்டிருப்பதைத் தேடிப் பிடிக்கும். பாஸ்பேட் ஒட்டியதும் அரெஸ்டின் என்ற புரதம் வந்து அடைத்துக்கொள்ள, செய்தியை உள்ளே கொண்டுபோகும் ஜி-புரதத்துக்கு இடமில்லாமல் போகிறது. ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பிரையன் கோபில்காவும் இந்த ஏற்பிகளை ஆராய்ந்ததற்காக 2012-இல் வேதியியல் நோபல் வாங்கினார்கள்.

வேலை வினாடிகளிலும் நிமிடங்களிலும் முடிகிறது. கண்ணில் இது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒகுச்சி நோய் நல்ல உதாரணம். ஜிஆர்கே1 அல்லது அதன் அரெஸ்டின் கெட்டுப்போனவர்களுக்கு, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் பழக மணிக்கணக்கில் ஆகிறது. ஒளியேற்பி அணைய மாட்டேன் என்கிறது.

போகிப் புகை சென்னையைச் சூழ்ந்துகொள்ளும் நாட்களில் ஆஸ்துமாக்காரர்கள் சால்ப்யூட்டமால் இன்ஹேலரை அடிக்கடி அழுத்துவார்கள். அந்த மருந்து தொடுவது பீட்டா-2 ஏற்பியை. விடாமல் தூண்டப்பட்டால் ஏற்பி மந்தமாகிவிடுகிறது, அதில் ஜிஆர்கே-க்கும் பங்குண்டு. பெரியவர்களுக்குச் சால்ப்யூட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்க வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-இல் சொன்னதற்கு மூச்சுக்குழாய் அழற்சி அடங்காமலே இருந்துவிடும் என்பது முதன்மைக் காரணம். இந்த மந்தமும் கூடவே சேர்ந்துகொள்கிறது. மருந்து இலக்காக ஜிஆர்கே-யை எப்படி மதிப்பிடுவது? ஏழே ஏழு ஜிஆர்கே-க்கள்தான் எண்ணூறு ஏற்பிகள் கொண்ட குடும்பத்தைக் கவனித்துக்கொள்கின்றன. ஒன்றைத் தடுத்தால் எத்தனை ஏற்பிகள் அவிழ்த்துவிடப்படும் என்று சொல்வது கடினம். நான் இதில் பணம் போட மாட்டேன்.

பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதியை ஏன் விட்டுவிட்டாய் என்று யாராவது கேட்பார்கள். அது ஏற்பியை அணைப்பதும் இல்லை, தூண்டப்படாமல் தடுப்பதும் இல்லை, ஏற்பி உள்ளே எழுப்பிய சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதனைத்தான் அழிக்கிறது. ஃபில்டர் காபி குடித்தால் விழிப்பு வருவது இந்த நொதியைக் காஃபீன் தடுப்பதால் என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். ஒரு டம்ளர் காபியில் அந்த அளவுக்குக் காஃபீன் ரத்தத்தில் ஏறாது. அது மறிப்பது அடினோசின் ஏற்பியை.

டிபிபி-4: கடைசியில் வந்து மருந்துக்கடையைப் பிடித்தது

ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சாப்பிட்டதும் குடலிலிருந்து கிளம்பி, கணையத்தின் பீட்டா செல்லிலுள்ள தன் ஏற்பியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. ஆனால் ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் இரண்டு நிமிடம்தான். டிபிபி-4 அதன் முனையிலிருந்து இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கிவிட, ஏற்பியைத் தூண்டும் சக்தி போய்விடுகிறது.

மற்ற மூன்றும் ஏற்பியின் உள்பக்கம் வேலை செய்பவை. இது செல்லின் வெளிப்பரப்பிலும் ரத்தத்திலுமே உலாவுகிறது. மருந்து சவ்வைத் தாண்ட வேண்டிய தொல்லை இல்லை. குழியும் பாஸ்பேட்டுக்கானது அல்ல என்பதால், மாத்திரையாக விழுங்கக்கூடிய சின்ன மூலக்கூறுகள் அதில் நன்றாகப் பொருந்துகின்றன. கிளிப்டின் என்று முடியும் பெயர்கள் இந்த மாத்திரைகளுக்குத்தான். அவற்றில் சிடாகிளிப்டின் 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவில் காப்புரிமை 2022-இல் முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கி விலை வெகுவாகக் குறைந்தது. இன்று மக்கள் மருந்தகத்திலும் கிடைக்கிறது.

பலன் நிதானமானதுதான். மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி பொதுவாக அரை சதவீதப் புள்ளியிலிருந்து முக்கால் வரை குறையும், எடை குறையாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும் ஆபத்து தனியாக எடுத்தால் குறைவு என்பது வயதானவர்களுக்குப் பெரிய நிம்மதி. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குச் சிடாகிளிப்டின் அளவைக் குறைக்க வேண்டும், லினாகிளிப்டினுக்கு அது தேவையில்லை. சாக்ஸாகிளிப்டின் மட்டும் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதைக் கொஞ்சம் கூட்டியது என்று 2013-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. மேலே சொன்ன எலிக்கூத்தோடு ஒப்பிட்டால் இதில் பரபரப்பு ஒன்றுமில்லை. ஆனால் நம் கைக்கு வந்தது இதுதான்.

இதற்கும் ஒரு போட்டி முளைத்துவிட்டது. நொதியைத் தடுப்பதற்குப் பதில், நொதி நறுக்க முடியாதபடி ஹார்மோனையே மாற்றிவிட்டார்கள். அப்படி வந்த செமாகுளுடைடு என்ற மருந்தில் டிபிபி-4 வெட்டும் இடத்திலுள்ள அமினோ அமிலம் வேறு. கூடவே ஒரு கொழுப்பமில வால் ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால், இரண்டு நிமிட ஆயுள் ஒரு வாரம் ஆகிறது. சர்க்கரையும் எடையும் கிளிப்டினைவிட நன்றாகவே இறங்குகின்றன. குமட்டலும் செலவும்தான் அதற்கான விலை. இரண்டையும் சேர்த்து எடுத்தால் இரட்டிப்புப் பலன் வராது. வெட்டுப்படாத ஹார்மோனே ஏற்பியைப் போதுமான அளவு தூண்டிக்கொண்டிருக்கும்போது, வெட்டும் நொதியைத் தடுத்து ஆவதென்ன? உங்கள் மருந்துச் சீட்டில் கிளிப்டினும் செமாகுளுடைடு போன்ற ஜிஎல்பி-1 ஊசியும் சேர்ந்தே இருந்தால், நீங்களாக எதையும் நிறுத்தாமல், எது எதற்கு என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.